தட்டுத் தண்ணீரைக் குடித்தது யார்?

ஜூன் 9, திங்கள்

தொண்டை கட்டிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் முப்பத்தெட்டு வாய். எனக்கு இருப்பது ஒன்று. ஜன்னலோரம் ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, "வெயில்ல இது ஆவியாப் போயிடும்" என்றேன். கடைசி பெஞ்சுக் குட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். "ஆவின்னா பேய்தானே டீச்சர்?"

இதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.

ஜூன் 11, புதன்

தட்டு காய்ந்துவிட்டது. தண்ணீர் எங்கே போச்சு என்று கேட்டேன்.

"பேய் இல்ல டீச்சர். தரை துடைக்கிற அக்கா குடிச்சிட்டாங்க!"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். மணி அடித்தது. நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வாசலில் அக்கா மாப்போடு நின்றிருந்தார்.

ஜூன் 12

காய்ச்சல். லீவு.

ஜூன் 13, வெள்ளி

பேச்சு வீடு வரை போய்விட்டது. ஒரு குழந்தையின் அம்மா ஆபீசுக்கே வந்து, "பிள்ளைங்க பாட்டில்ல அந்தம்மா வாய் வச்சுக் குடிக்கிறாங்களாமே" என்றிருக்கிறார். நான் போவதற்குள் ஹெட்மிஸ்ட்ரஸ் அக்காவை நிற்கவைத்து விசாரித்து முடித்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். வேறென்ன சொல்வார்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். வாளியில் பிழிந்துகொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பிள்ளைங்க சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க ஏன் டீச்சர் சிரிச்சீங்க?"

ஜூன் 15, ஞாயிறு

ஏன் சிரித்தேன்? 'அசதி' என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

"அக்கா தண்ணியக் குடிக்கல. அன்னைக்கு டீச்சர் சிரிச்சது தப்பு" என்றேன். பிறகு ஒரு குரல்: "அப்ப யார் குடிச்சா?"

அய்யோ. மறுபடி முதலிலிருந்தா?

மாலையில் அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன் — தண்ணீர் எங்கே போகிறதென்று நீங்களே வந்து பிள்ளைகளிடம் சொல்வீர்களா என்று. "நான் என்ன டீச்சரா?" என்று போய்விட்டார்.

ஜூன் 18, புதன்

கடைசிப் பீரியட். குரல் சுத்தமாகப் போய், மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா தானாகவே உள்ளே வந்தார். தரையில் கொஞ்சம் துடைத்து, ஈரத்தைச் சுற்றி சாக்பீசால் கோடு கிழித்தார். ஐந்து நிமிடத்தில் ஈரம் கோட்டிலிருந்து சுருங்கியிருந்தது.

"ஈரம் கோட்டை விட்டு உள்ளே போகுது, பாத்தீங்களா? யாராச்சும் குடிக்கிறாங்களா?"

"இல்லே!"

"காத்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்குது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ம்... மிச்சத்தையும் துடைக்கணும், எல்லாரும் காலைத் தூக்குங்க."

எழுபத்தாறு கால்கள் மேலே போயின. துடைத்துக்கொண்டே மூலைக்கு வந்தவர் நின்றார். அன்றைக்குப் பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"டீச்சர், நீங்களும்."

தூக்கிக்கொண்டேன்.