அத்தா, தம்மை நான்தான் உடைத்தேன்

என் ஆசை அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் இருக்கும் இடத்தில் பிரியாணி உண்டா என்று எனக்குத் தெரியாது. உண்டென்றால், அதில் உப்பு சரியில்லை என்று இந்நேரம் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். நேற்று கருவடிக்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். நம் பிரியாணித் தேக்சாவின் தம்மை நான்தான் உடைத்தேன். வேறு யாருமில்லை, உங்கள் மகள் ஷமீமா!

இதில் என்ன அதிசயம் என்று உங்களுக்குத் தோன்றும். "எனக்கப்புறம் எம்மவதான் தம் உடைப்பா" என்று நெல்லித்தோப்பு முழுக்கச் சொல்லி வைத்தவராயிற்றே நீங்கள். ஆனால் நீங்கள் போன சில மாதத்திலேயே என்னை அடுப்புப் பக்கம் வரவிடாமல் செய்துவிட்டார்கள். வெங்காயம் உரிக்கலாம், புதினா ஆயலாம், அவ்வளவுதான். மறுபடி நெருப்புக்கு முன்னால் நிற்பேனா மாட்டேனா என்ற கேள்விதான் இத்தனை நாளும் என் உயிரை எடுத்தது.

என் மூக்கைப் பற்றி நீங்கள் அடித்த பெருமை நினைவிருக்கிறதா? சும்மா நின்றுகொண்டிருப்பேன். வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறும். உடனே சோறு அடிப்பிடிக்கிற வாசனை வரும். "அத்தா, தீயுது!" என்பேன். நீங்கள் தலைதெறிக்க ஓடிவந்து, மூடியைச் சுற்றி ஒட்டிய மாவைப் பிய்த்துத் தம்மை உடைப்பீர்கள். உள்ளே சோறு பூப்போல வெள்ளையாக, பாதி வேக்காட்டில் கிடக்கும். "தீயறதுக்கு முன்னாடியே கண்டுபுடிச்சிட்டா பாத்தியா! எம்மவ மூக்கு பொய் சொல்லாது" என்று தாடியைத் தடவிக்கொள்வீர்கள். அந்த அரைவேக்காட்டைத் தின்ற விருந்தாளிகள்தான் பாவம்.

அதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் பேச்சுமூச்சில்லாமல் நின்று வாயைச் சப்புக்கொட்டுவேனாம். "யாரும் பேச்சு குடுக்காதீங்க, ருசி பாக்குறா" என்று எல்லாரையும் நீங்கள் அடக்குவீர்களாம். பிரியாணி போடுகிற பண்டாரி வீட்டில் ஒரு பெண் வாயைச் சப்பினால் வேறென்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தான் நம்பினேன்.

நீங்கள் மவுத்தாகிச் சில மாதம் கழித்து, விறகடுப்புக்கு முன்னால் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். துப்பட்டா நுனியில் தீப் பிடித்துவிட்டது. உங்கள் மருமகன் அன்வர், புதினா அலசிக்கொண்டிருந்த வாளியைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தார். எனக்கு நினைவு வந்தபோது தலையெல்லாம் புதினா. அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறாள். "எவன் புதினாவ வீணாக்குனது?" என்று நான் கேட்டேனாம். அன்றைக்கே அம்மா என்னை அடுப்படியை விட்டு விலக்கிவிட்டாள்.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். அடுத்த தடவை இப்படி நின்றால் போனில் வீடியோ எடுத்து வரச் சொன்னார். அன்வர் எடுத்துவிட்டார்.

"இங்க பாருங்க, வாய மெல்லுறாங்க" என்றார் டாக்டரம்மா.

அன்வர் பெருமையாக, "அது ஒண்ணுமில்ல மேடம், ருசி பாக்குறா. எங்க மாமனார் காலத்துலேருந்தே அப்படித்தான்" என்றார்.

"எத ருசி பாக்குறாங்க? மாடியில துணியில்ல காயப்போட்டுட்டிருக்காங்க?"

அன்வர் போனைப் பிடுங்கி மறுபடி ஓட்டிப் பார்த்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. இத்தனை வருடமும் நான் எதை ருசி பார்த்தேன் அத்தா?

தலை முழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். டெம்போரல் லோப் எபிலெப்சி என்று சொன்னார்கள். மூளையில் காதுப் பக்கத்திலிருந்து கிளம்புகிற வலிப்பாம். கை கால் இழுக்காத வலிப்பும் உண்டாம். அந்தத் தீய்ந்த வாசனைதான் அதன் தொடக்கமாம். வாயைச் சப்புவதும் அதில் சேர்ந்ததாம். நீங்கள் ஊரெல்லாம் பேசிய என் மூக்கின் பெருமை அன்றைக்கு ஒழிந்தது. அதற்காக நான் அழுததை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு மாத்திரை தேடுகிற படலம். முதல் மாத்திரைக்கு அம்மா வைத்த பெயர் கோப மாத்திரை. எனக்கு ஏற்கெனவே வாய் நீளம். அதைச் சாப்பிட்ட பிறகு மீன்காரம்மா நம் தெருப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். "மேடம், ஃபிட்ஸ்கூடப் பரவால்ல, இவ பேசறதத் தாங்க முடியல" என்று அன்வர் டாக்டரம்மாவிடம் கெஞ்சினார். அடுத்த மாத்திரையில் தூக்கம் தூக்கமாக வந்தது, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வீட்டோடு மாப்பிள்ளை ஒருவரையே சமாளிக்க முடியவில்லை, இதில் இரண்டு அன்வர்! அப்படியும் அந்தப் பாழாய்ப்போன வாசனை விடவில்லை.

எனக்கென்று ஒரு மாத்திரையை அல்லாஹ் படைக்கவே இல்லையோ என்று உட்கார்ந்துவிட்டேன். அன்வர் போட்ட பிரியாணி ஒரு நாள் கஞ்சி, ஒரு நாள் கடல்தண்ணீர். ஆர்டர் ஒவ்வொன்றாகக் கைநழுவியது. "எல்லாத்தையும் நிறுத்திடப் போறேன்" என்றேன். அம்மா தஸ்பீஹ் மணியை ஓரமாக வைத்துவிட்டு, "ஓதறத நான் பாத்துக்கிறேன், மாத்திரைய நீ பாத்துக்கோ. ரெண்டுல ஒண்ணக்கூட விடப்படாது" என்றாள். டாக்டரம்மாவும் திட்டினார். "நீங்களா நிறுத்துனீங்கன்னாதான் ஆபத்து. ஒவ்வொருத்தருக்கு ஒண்ணு ஒத்துக்கும், தேடித்தான் ஆவணும்."

மூன்றாவதாகக் கொடுத்தது லாமோட்ரிஜின். அம்மா வாயில் நுழையவில்லை, லாமு மாத்திரையாகிவிட்டது. வேகமாக ஏற்றினால் தோலில் தடிப்பு வரும் என்று, சின்ன அளவில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றினார் டாக்டரம்மா. எனக்குப் பொறுமை ஏது? "இன்னும் எவ்ளோ நாளு மேடம்?" என்று பறந்தேன்.

"நீங்க பிரியாணி போடுறவங்கதானே? அவசரப்பட்டு தம்ம உடைப்பீங்களா?" என்று கேட்டார்.

நானும் அன்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நம் வீட்டில் காலங்காலமாக அதைத்தானே செய்தோம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள், "அந்த வாசன கடைசியா எப்ப வந்துச்சு?" யோசித்தேன். சட்டென்று நினைவுக்கு வரவில்லை. நோன்புக்கு முன்னால் வந்தது, பெருநாளும் போய்விட்டது. பூண்டைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டேன். இன்னும் நெடுநாள் பொறுத்துப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா தலையசைத்தார். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும், தூக்கம் கெடக் கூடாது, மாத்திரை தவறக் கூடாது. அப்படியென்றால் அடுப்பில் நிற்கலாம்.

நேற்றைய விசேஷம் யார் வீட்டில் தெரியுமா? உங்கள் கூட்டாளி சொல்தாத் தாத்தா வீட்டில்தான். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்ப் பென்ஷனில் இன்னமும் மிடுக்காகத்தான் இருக்கிறார். பேத்தி நிச்சயத்துக்கு ஷமீமா கைப்பட்ட பிரியாணிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அவர் வீட்டுப் பின்கட்டில் தேக்சாவை ஏற்றி, தம் போட்டு, நான் முன்னால் நின்றேன். இருபுறமும் அம்மாவும் அன்வரும், கல்யாணப் பெண்ணுக்குத் துணை நிற்பதுபோல. அப்போது வந்தது அத்தா, அதே வாசனை. தீய்ந்த சோறு.

"வாசன வருது" என்றேன்.

அன்வர் முகம் வெளுத்துவிட்டது. என்னைத் தோளோடு பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அம்மா ஓதத் தொடங்கிவிட்டாள். எல்லாம் போச்சு, மறுபடி வெங்காயம்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். வயிற்றிலிருந்து ஏதாவது ஏறுகிறதா என்று காத்திருந்தேன். ஒன்றும் ஏறவில்லை.

கூடத்திலிருந்து சொல்தாத் தாத்தா எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா ஷமீமா, அடிப்பிடிக்கிற மாதிரி இருக்கே?"

அன்வர் மூக்கை உறிஞ்சினார். "ஏய்! எனக்கும் வருதுடி!"

அம்மா ஓதியதை அரைகுறையாக முடித்துவிட்டு, "அல்லாவே, எனக்குந்தான்!" என்று கத்தினாள்.

மூன்று பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். அந்தப் பக்கம் சோறு பாட்டுக்குத் தீய்கிறது. "சிரிச்சிக்கினே நிக்கிறீங்களே, எறக்குங்க!" என்று தாத்தா கத்திய பிறகுதான் நான் பாய்ந்துபோய் பிஸ்மி சொல்லித் தம்மை உடைத்தேன். அன்வர் அடியில் வைத்த தணல் அதிகம். அடிச்சோறு கருகியிருந்தது, மேலே எல்லாம் பதமாகத் தப்பித்துவிட்டது. கருகிய சோற்றைப் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்ட பண்டாரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தாத்தா அந்த அடியையே சுரண்டித் தரச் சொல்லி வாங்கித் தின்றுவிட்டு, "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

வெள்ளிக்கிழமை உங்கள் கபுருக்கு ஓத அன்வர் வருவார். அவர் இதைத் தன் பெருமையாக மாற்றிச் சொல்வார், நம்பாதீர்கள். நான் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். லாமு மாத்திரையை ஒரு வேளைகூட விடமாட்டேன். இனி நான் "தீயுது" என்று கத்தினால், நீங்கள் நம்பி ஓடி வரலாம். எம்மவ மூக்கு பொய் சொல்லாது என்றீர்களே அத்தா, இப்போதுதான் அது மெய்யாகியிருக்கிறது.

அந்த மூக்குக்குச் சொந்தக்காரி,
உங்கள் செல்ல மகள்
ஷமீமா