கலிஸ்ராவின் கூழும் எங்கள் வீட்டுக்கு வந்த சோறும்

இயேசு மரி சூசை துணை

கள்ளப்பாடு,
முல்லைத்தீவு.

அன்பு மகள் கலிஸ்ராவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பால் சுகமாக இருக்கிறோம், மனதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அந்தக் குளிரில் உனக்குச் சளி இருமல் அண்டாமல் இருக்க அந்தோனியாரை மன்றாடுகிறேன். சனிக்கிழமையில் இருந்து நீ எடுத்த போன் கோல் ஒன்றையும் நான் எடுக்கவில்லை, அப்பாவின் போனையும் வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். கோபமா என்று கேட்டால் ஓம், ஆனால் கோபத்தைவிடத் திகைப்புத்தான் கூட, இன்னும் எனக்குத் தலை நேராகவில்லை. போனில் என்றால் நீ அழத் தொடங்குவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்ற வெளிக்கிட்டுவிடுவேன். முன்வீட்டுச் சுசிலாவின் மருமகன் வியாழக்கிழமை லண்டனுக்குத் திரும்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

உன்னுடைய புது நிகழ்ச்சியைப் பார்க்கச் சனிக்கிழமை பின்னேரம் அயலே எங்கள் வீட்டில் கூடிவிட்டது. கதிரை போதாமல் பாய் விரித்தோம். சுசிலாவின் மகள் ராஜினி தன் போனை ரீவியில் தொடுத்து, நீ இங்கிலீஷில் சொல்லச் சொல்ல எங்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். தேத்தண்ணி வைக்கச் சொன்னால் கேத்திலைக் கருக்கிப்போட்டவள் நீ. படிக்கவென்று போய்க் கோப்பை கழுவி, பிறகு வெங்காயம் உரித்து, பிறகு யாரோ ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரரிடம் ஏச்சு வாங்கி மீன் வெட்டப் பழகினாய் என்று கேள்விப்பட்ட அன்று, கடற்கரையில் பிறந்தவளுக்கு மீன் வெட்டக் காட்டிக்கொடுக்க லண்டனில் ஒருத்தன் தேவைப்பட்டிருக்கிறானே என்று அப்பா சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் நிற்கிறது. அதன்பிறகு போட்டியில் வென்றாய், புத்தகம் போட்டாய், இன்றைக்கு உன் பெயரிலேயே நிகழ்ச்சி. சந்தையில் என்னை ரீவிக்காரியின் அம்மா என்றுதான் சொல்கிறார்கள்.

நீ கூழ் காய்ச்சத் தொடங்கியதும் எங்களுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. பனங்கிழங்கு ஒடியல் மாவைக் கரைத்தது சரி, நண்டும் றாலும் போட்ட பக்குவமும் சரி, கடைசியில் அதை ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றி மேலே ஒரு பச்சை இலையை வைத்தாயே, அதில் பூனைகூட வாய் நனைக்காது என்று சுசிலா சொல்ல எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்க முதலே நீ கரண்டியை வைத்துவிட்டு நேரே எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாய். என்னடி சொல்கிறாள் என்று கேட்டேன். ராஜினி தாயின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல, அன்ரி, இது என்ரை அண்ணன்ரை கூழ், சண்டை முடிஞ்ச கிழமை அவன் செத்துப்போனான், அவனை நினைச்சுத்தான் சமைக்கிறன் எண்டு சொல்லுறா என்றாள். திருப்பிப் போடு என்றேன். திருப்பிப் போட்டாள். அதையேதான் சொன்னாய்.

கலிஸ்ரா, அன்ரன் செத்தான் என்று யார் உனக்குச் சொன்னது? வட்டுவாகலில் ஆமிக்காரர் பஸ்ஸில் ஏற்றும்போது திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டினவன் அவன், நீயும் என் சீலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றாய். அன்றைக்குப் பிறகு இருக்கிறான் என்றும் சேதி இல்லை, இல்லை என்றும் சேதி இல்லை. அந்தச் சொல்லை இந்த வீட்டில் ஒருவரையும் நான் சொல்ல விட்டதில்லை. மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பினேன். செவ்வாய் தவறாமல் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துவது அவன் திரும்பி வரத்தான். கார்த்திகை மாதம் மரித்த ஆத்துமாக்களுக்குப் பூசை வைக்க எல்லோரும் பெயர் கொடுக்கும்போது என் தாய் தகப்பன் பெயரைக் கொடுப்பேன், அவன் பெயரைக் கொடுத்ததில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியாததா?

ஞாயிற்றுப் பூசை முடிய கோவில் முற்றம் முழுக்க இதே கதைதான். லண்டனில் பெரிய இடத்துச் சனத்தோடு பழகுகிற பிள்ளை, விபரம் கிடைக்காமலா ரீவியில் சொல்லியிருப்பாள் என்று சனம் முடிவு கட்டிவிட்டது. அவர்களில் பிழை சொல்ல மாட்டேன், எனக்கே அப்படித்தான் ஓடியது. திங்கட்கிழமை காலை நான் குசினியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கச் சுசிலா வெள்ளைச் சீலையோடு வந்தாள். ஒன்றும் கேட்காமல் குனிந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். அக்கா, இண்டைக்கு உங்கடை வீட்டிலை அடுப்பெரியக்கூடாது, சோறு நாங்கள் கொண்டு வாறம் என்றாள். என் கையில் தீப்பெட்டி அப்படியே இருந்தது. பின்னாலேயே சனம் வந்தது. மீன் இல்லாமல் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வந்தது. தண்ணீரூற்றில் இருந்து உன் மாமி இராசமலர் முதல் பஸ்ஸிலேயே வந்திறங்கி, என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அப்பா கடலால் வந்தார். முற்றம் நிறையக் கதிரையும் வெள்ளைச் சீலையும் கண்டதும் மீன் பையைப் படலையடியில் போட்டுவிட்டு, ஆர் என்று கேட்டார். யூலி எங்கை, யூலி எங்கை என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி வந்தவர் என்னைக் கண்டதும் நிலத்தில் குந்திவிட்டார். நான்தான் போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார் மனிசன். சுசிலாதான் அன்ரனுக்காகச் சனம் வந்த விபரத்தை அவருக்குச் சொன்னாள். கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கால் முகம் கழுவிக்கொண்டு வந்தார். எல்லோரையும் ஏசிக் கலைக்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு சாப்பாட்டுக் கோப்பையை எடுத்து அந்தச் சோற்றைப் போட்டுச் சாப்பிடத் தொடங்கினார். சாப்பிடாதையுங்கோ, அது செத்த வீட்டுச் சோறு என்று கத்தினேன். நிமிர்ந்து பாராமல், தெரியும் யூலி, எனக்கு எப்பவோ தெரியும் என்றார்.

நீ ரீவியில் சொன்னதைவிட அதுதான் என்னை அடித்துப்போட்டது. இத்தனை வருடமாகச் செவ்வாய்க்கிழமைகளில் என்னோடு கோவிலுக்கு வந்து பக்கத்தில் முழங்காலில் நின்றவர், எனக்காகத்தான் வந்திருக்கிறார். நீயும் அங்கே அதே முடிவோடுதான் இருந்திருக்கிறாய். இந்தக் குடும்பத்தில் காத்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான், அது எனக்குத்தான் தெரியவில்லை.

நெஞ்சில் கையை வைத்து ஒன்று சொல். உண்மையில் விபரம் ஏதும் அறிந்தாயா, அல்லது உன் மனம் சொன்னதைச் சொன்னாயா? அறிந்திருந்தால் ஒளிக்காதே. மனம் சொன்னதுதான் என்றாலும் உன்னை நான் ஏசமாட்டேன். ஊர் உலகம் எல்லாம் பார்க்கச் சொல்லத் துணிந்த உனக்குப் பெற்றவளிடம் சொல்ல வாய் வரவில்லையே, அவ்வளவு பயமா பிள்ளை என்னிடம்? ஆத்துமப் பூசைக்கு நாள் குறிக்கவா என்று பாதர் ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். என் மகள் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீ வா. நத்தார்ப் பண்டிகைக்கு என்று தள்ளிப்போடாதே, அந்த நிகழ்ச்சிக்காரரிடம் அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல், அது பொய்யும் இல்லை. வந்து எனக்கு முன்னால் இருந்து, ரீவியில் சொன்னதை என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொல். நான் கேட்பேன். இவ்வளவு காலமும் அன்ரனுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை மகள், அழுதால் அவனைச் சாகக் கொடுத்தது நானாகிவிடும் என்று. திங்கட்கிழமையும் அழவில்லை. நீ வந்து சொன்னால் அழுவேன், என்னைப் பிடித்துக்கொள்ள நீ பக்கத்தில் வேண்டும்.

ரீவியில் உன் இடது கையில் சுட்ட காயம் கண்டேன், துணி இல்லாமல் சட்டி தூக்காதே. மாதா உன்னைக் காப்பாற்றுவாராக. என் இரண்டு பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அன்ரனுக்கும் கலிஸ்ராவுக்கும் அம்மா
யூலியானா மரியநேசன்