இரண்டு பக்கமும் கைதட்டினார்கள்

ஃபிரிஸ்கோ,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

என் கண்ணு ஓவியாவுக்கு அம்மா எழுதுவது, இங்கே நானும் அப்பாவும் கதிரண்ணனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே வெஸ்ட் வின்ட்சரில் நீயும் மாப்பிள்ளையும் அதிதிக்குட்டியும் அதே மாதிரி இருக்க அந்த அனுமார் பார்த்துக்கொள்ளட்டும். அதிதிக்குச் சளி விட்டதா, டேகேரில் ஜன்னல் ஓரம் படுக்க வைக்க வேண்டாம் என்று சொல். ஃபோன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். இந்தத் துப்பாக்கிப் பேச்சை எடுத்தாலே நீ "அம்மா, வேற பேசலாம்" என்கிறாய், உன் அண்ணன் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறான். காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேச ஆள் இல்லை.

போன குளிர்காலத்தில் நம் தெருவில் இரண்டு வீட்டில் நகை திருடு போனதும் அண்ணன் துப்பாக்கி வாங்கினான், அது வீட்டில் இருக்கும்வரை அதிதியைக் கூட்டி வரமாட்டேன் என்று நீ சொன்னாய், என் வீடு என் உரிமை என்று அவன் சொன்னான், அதோடு அண்ணனும் தங்கையும் பேச்சு வார்த்தை இல்லை. உங்கள் நியூ ஜெர்சியில் புத்தி தடுமாறியவர் கையில் துப்பாக்கி இருந்தால் வீட்டார் போய்ச் சொல்லலாம், ஜட்ஜ் விசாரித்துக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைப்பார், இங்கே அந்தச் சட்டம் இல்லையே என்று நீ சொல்வாய், எனக்கு அது நியாயமாகப் படும். அண்ணனோ, "ஆகாதவன் ஒருத்தன் பொய்யா எழுதிக் குடுத்தா போதும், வீடு பூந்து எடுத்துட்டுப் போயிருவாங்க" என்பான், அப்போது அதுவும் நியாயமாகப் படும். அப்பா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு டிவியைப் போட்டுக்கொள்வார். இந்த நாட்டில் ஓட்டில்லாத கிழவிக்கு எதற்கு இந்தக் கவலை என்று நானும் விட்டுவிட்டேன். கலாவதி விஷயம் வரும்வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

மூன்றாவது வீட்டு ஈரோட்டுக் கலாவதியை உனக்குத் தெரியுமே, புருஷன் போன பிறகு மகன் சாய்ராமோடு இருக்கிறாள். அந்தப் பையனுக்கு வேலை போனது, அதிலிருந்து தூக்கமும் போனது, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்குள் மைக் வைத்து ஒட்டுக் கேட்கிறார்கள் என்று ஆரம்பித்தான். இங்கே உன் க்ளினிக் மாதிரி ஒரு இடத்தில் மனநல டாக்டரைக் கேட்டால் மாசக் கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்குள் அவன் ஒரு நாள் காரை எடுத்துக்கொண்டு போய்த் துப்பாக்கியோடு வந்துவிட்டான், அதற்கு யாரும் காக்க வைக்கவில்லை. கலாவதி போலீஸைக் கூப்பிட்டாள். வந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம், உங்கள் மகன் வயது வந்தவர், சட்டப்படி வாங்கியிருக்கிறார், யாரையும் மிரட்டவில்லை, நாங்கள் எடுத்துப் போக வழியில்லை என்றாராம். "அப்ப எதாச்சும் நடந்தப்பறம்தான் வருவாங்களாக்கா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அந்த வாரம் லைப்ரரி ஹாலில் இதைப் பற்றியே பொதுக்கூட்டம், யானைச் சின்னத்துக் கட்சி ஆளும் கழுதைச் சின்னத்துக் கட்சி அம்மாளும் ஒரே மேடையில் வருகிறார்கள், ஜனங்கள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். எனக்கும் அவளுக்கும் கார் ஓட்டத் தெரியாது, அண்ணன்தான் முனகிக்கொண்டே அழைத்துப் போனான். ஹாலில் ஒரு பக்கம் துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு கேட்கிற ஆரஞ்சு பனியன்காரர்கள், இன்னொரு பக்கம் துப்பாக்கி எங்கள் உரிமை என்கிற கொடி போட்ட தொப்பிக்காரர்கள், நம் ஊர்க் கல்யாணத்தில் பெண் வீடு மாப்பிள்ளை வீடு பிரிந்து உட்கார்ந்த மாதிரி. கலாவதி மைக்கைப் பிடித்து, அவளுக்கு வந்த இங்கிலீஷில், என் மகனுக்கு மனசு சரியில்லை என்றாள். உடனே தொப்பிக்காரர்கள் கைதட்டினார்கள், ஏனென்றால் குறை துப்பாக்கியில் இல்லை மனசில்தான் என்று அவர்கள் ஆள் அப்போதுதான் பேசியிருந்தார். அவள் பயந்து போய், அவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்றாள். இப்போது ஆரஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். பெற்றவள் அழுகிறாள், இரண்டு பக்கமும் கைதட்டுகிறார்கள், நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன் கண்ணு.

யானைச் சின்னத்து ஆள், மனநல ஆஸ்பத்திரிக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்க நாங்கள் கொண்டு வந்ததை அவர்கள் விடவில்லை என்றார். அந்த அம்மாள், துப்பாக்கியை வாங்கி வைக்கச் சட்டம் நாங்கள் கொண்டு வந்தோம், இவர்கள் விடவில்லை என்றார். உங்களுக்காக வருந்துகிறோம் என்று மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சரி, வருந்துகிறீர்கள், இவள் இப்போது வீட்டுக்குப் போய் என்ன செய்வாள் என்று எழுந்து கேட்க எனக்கு வாய்வரை வந்தது, இங்கிலீஷ் வரவில்லை. கூட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடி வந்து கலாவதியின் ஃபோன் நம்பர் கேட்டார்கள், வீடியோவில் பேச வருவீர்களா என்றார்கள். அண்ணன் நடுவில் புகுந்து, "போதும், விடுங்க" என்று அவளைக் கூட்டி வந்துவிட்டான்.

திரும்பும்போது அவன் காரை நம் வீட்டில் நிறுத்தாமல் அவள் வீட்டு முன்னால் நிறுத்தி, நேரே சாய்ராம் அறை வாசலில் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு, வெளியே வந்துவிடு என்று சொல்லவும் பயம். அண்ணன் மெதுவாகத்தான் பேசினான், "சாய், தூக்கம் வரலைன்னு அம்மா சொன்னாங்க. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு, புதுசுல எனக்கும் தூக்கம் வரல. நீ நல்லாத் தூங்கற வரைக்கும் உன்னோடத நான் பத்திரமா வச்சிருக்கட்டுமா?" அந்தப் பையன் இவன் முகத்தைப் பார்த்து, "நீங்க அந்த மைக் வச்சவங்க ஆளா?" என்று கேட்டான். இவன் என் பேரைச் சொல்லி, "நான் பவளம்மா பையன்டா" என்றான். அவ்வளவுதான். தலையணைக்கடியிலிருந்து துண்டில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தான், குண்டையும் தனியாகக் கொண்டு வந்து கொடுத்தான். அண்ணன் இரண்டையும் கொண்டு வந்து தன் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.

ஆகவே ஓவியா, ஒரு துப்பாக்கி இருக்கிறது என்று நீ குழந்தையைக் கூட்டி வராத வீட்டில் இப்போது இரண்டு இருக்கிறது. உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. நீ கோபப்பட்டால் அதிலும் நியாயம் இருக்கும். ஆனால் அண்ணனிடம் ஒன்று இருந்ததால்தானே அந்தப் பையன் நம்பிக் கொடுத்தான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. எல்லாத் தெருவிலுமா ஒரு கதிர் இருப்பான், இல்லாத தெருவில் பெற்றவள் யாரைக் கூப்பிடுவாள், நீ சொல்கிற சட்டம் இருந்தால் இவன் போய் வாசலில் உட்கார்ந்திருக்கவே வேண்டாமே என்று மறுநாள் தோன்றுகிறது. குக்கரை வைத்துவிட்டு எத்தனை விசில் வந்தது என்று தெரியாமல் நிற்கிறேன்.

கோயிலில் தெரிந்தவர் மூலமாக சாய்ராமுக்கு ஒரு டாக்டர் கிடைத்தார், மாத்திரை போடுகிறான், தூங்குகிறான், சாப்பிடுகிறான். சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். முந்தாநாள் சவரம் பண்ணி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, "கதிரண்ணா, இப்ப நல்லா இருக்கேன், என்னோடதக் குடுத்துருங்க" என்றான். முகம் தெளிவாகத்தான் இருந்தது. உன் அண்ணன், பெட்டிச் சாவி ஆபீஸில் இருக்கிறது, அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வா என்று பொய் சொல்லி அனுப்பினான். அவன் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அது அவனோடதும்மா. தரமாட்டேன்னு சொல்ல நான் யாரு? தந்து எதாச்சும் ஆயிட்டா?" என்றான். உரிமை உரிமை என்று உன்னிடம் கத்தினவன்தான் கண்ணு இப்படிக் கேட்கிறான். அப்புறம், "ஓவியா க்ளினிக்ல தினமும் இந்த மாதிரி ஆளுங்ககிட்டதான பேசறா" என்றான். எழுந்து போய்விட்டான்.

அவனாகக் கூப்பிடமாட்டான், உனக்குத் தெரியும். நீ கூப்பிடு. யார் சொன்னது சரி என்று அன்றைக்குப் பேச வேண்டாம், அந்தப் பையனிடம் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடு. அதிதியை அழைத்து வருவது உன் இஷ்டம், நான் கேட்கமாட்டேன். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, குழந்தைக்கு என் முத்தம், நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறாண்டு நல்லா இருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சாய்ராம் வந்து கதவைத் தட்டுவான். அதற்கு முன்னால் உன் அண்ணனோடு பேசிவிடு.

எப்போதும் உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
பவளம் கோபாலசாமி