அறுந்திருக்க வேண்டிய தகடு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான்; மாடிப்படியைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள்.

விபத்தைப் பற்றித் தம்பி போனில் பாதிதான் சொல்லியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை காலை பறக்கும் கிளப்பில், என்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தைக் கயிறு கட்டி மேலே இழுக்கும் வின்ச்சை அவன்தான் ஓட்டினான். திடீரென்று ஆக்சிலேட்டர் சிக்கிக்கொண்டது, வேகம் குறையவில்லை. அவன் கயிற்றை வெட்டிவிடுவதற்குள் கிளைடர் நிலைகுலைந்து ஓடுபாதையோரம் விழுந்தது. உள்ளே இருந்தவர் நம் மருந்துக்கடைக்காரர். இடுப்பெலும்பு முறிவு. நேற்று போய்ப் பார்த்தேன். "மாத்திரையெல்லாம் நம்ம கடையிலேருந்துதான் சார் வருது, நல்லதா வாங்கி வெச்சிருக்கலாம்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. திரும்ப நடப்பாரா என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார்.

வகுப்பில் நான் ஃபியூஸ் கம்பியை எரித்துக் காட்டுவது உனக்கு நினைவிருக்கும். தான் எரிந்து வீட்டைக் காப்பாற்றும். கயிற்று நுனியில் இருக்கும் தகடும் அப்படித்தான். இழுப்பு மிஞ்சினால் அறுந்து கிளைடரை விட்டுவிட வேண்டும். அன்று அது அறுந்துபோகவில்லை. பிரித்துப் பார்த்தால், ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தகடுகள்.

யார் மாட்டியது என்று கிளப்பில் கேட்டதற்குத் தம்பி "நான்தான்" என்றானாம். வீட்டிலும் அதையே சொல்கிறான், காதைத் தேய்த்துக்கொண்டு. அவன் எப்போது காதைத் தேய்ப்பான் என்று உனக்குத் தெரியும்.

போன மாதம் நீ விடுமுறையில் வந்திருந்தபோது, கிளப் கொட்டகை பெஞ்சில் நானும் உட்கார்ந்திருந்தேன். காலையிலேயே மூன்று தகடு அறுந்துவிட்டது. "சும்மா சும்மா அறுந்து உசிர வாங்குது" என்று நீதான் ஸ்பேனரை எடுத்தாய். "வேணாம்க்கா" என்றான் தம்பி. "போடா பயந்தாங்கொள்ளி" என்று அவன் தலையில் தட்டினாய். நானும் சிரித்தேன். ஃபியூஸ் பாடம் நடத்தியவன் சிரித்தேன். நீ போன பிறகு அவன் கழற்றியிருக்கலாம். அக்கா போட்டது என்று விட்டுவிட்டான்.

இருபதாம் தேதி விசாரணை. அவன் இனிமேல் வின்ச்சைத் தொட முடியாது என்று பேசிக்கொள்கிறார்கள். நான் சொல்லிவிடலாம். ஆனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் எழுந்து சொன்னால் வகுப்பில் நான் உட்காரச் சொல்லிவிடுவேன். செய்தவரே எழட்டும் என்று காத்திருப்பேன். இப்போதும் காத்திருக்கிறேன். என்னால் பத்தொன்பதாம் தேதி வரைதான் காத்திருக்க முடியும், மகளே.

போனில் என்றால் நீ உடனே ஏதாவது சொல்லியாக வேண்டும். அதனால்தான் கடிதம். நிதானமாகப் படி. பிறகு முதலில் தம்பியைக் கூப்பிடு. அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ என்ன செய்திருந்தாலும் என் மகள்தான்.

அன்புடன்,
அப்பா