தியாகி சமாதியைத் தோண்ட வேண்டாம் என வேண்டி

அனுப்புநர்:
ஆ. அருள்மேரி,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
ரயிலடித் தெரு, பூதலூர்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காரைக்கால்.

பொருள்: விடுதலை நாள் விழா – மேலஅகரத்துறை தியாகி சமாதியைத் தோண்டி எலும்புகளை நினைவு மண்டபத்துக்கு மாற்றும் ஏற்பாட்டை நிறுத்தக் கோருதல் – இம்மனுவை ரகசியமாக வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைத் தங்கள் அலுவலக எழுத்தர் முதலில் பிரிக்கக்கூடும் என்பதால் உறை மேல் "நேரில் மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். அதையும் மீறி வேறு யாராவது படித்துக்கொண்டிருந்தால், இத்தோடு நிறுத்திவிட்டு ஆட்சியர் மேசைக்கு அனுப்பிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த நவம்பர் முதல் தேதியை ஆண்டுதோறும் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறோம். மேலஅகரத்துறையில் அன்று காலை, எல்லை வாய்க்கால் ஓரமுள்ள தியாகி சமாதியில் கொடியேற்றி, மலர்வளையம் வைத்து, காவலர்கள் வானை நோக்கிச் சுட்டு மரியாதை செய்கிறார்கள். எழுபது வருடமாகப் "பெயர் அறியாத் தியாகி" என்றிருந்த கல்லில், இந்தத் தை மாதம் முதல் "தியாகி ரெத்தினம்" என்ற பெயர் இருக்கிறது.

2. பெயரைக் கண்டுபிடித்தவர் விழாக் குழுச் செயலாளர் திரு. சதீஷ். நல்ல பிள்ளை. ஊர் ஊராய் அலைந்து விசாரித்தார். கூத்தாநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், 1954-இல் இணைப்புப் போராட்டத்துக்கென்று வாய்க்காலைத் தாண்டிப் போய்த் திரும்பி வராத ரெத்தினம் என்ற விவசாயக் கூலி இளைஞரைப் பற்றித் தெரிந்துகொண்டார். ஊரும் மாதமும் ஒத்துப்போகவே இவர்தான் அவர் என்று முடிவு செய்துவிட்டார்கள். ரெத்தினத்தின் தங்கை காத்தாயி அம்மாள் இருக்கிறார். வயது எண்பது. பிள்ளைகள் இல்லை. அண்ணன் கிடைத்துவிட்டான் என்று அவர் அந்தக் கல்லைக் கட்டிக்கொண்டு அழுததை நான் என் கண்ணால் பார்த்தேன். அன்று அவரைத் தாங்கி உட்காரவைத்ததிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டார்.

3. ஐயா, அந்தச் சமாதியில் இருப்பவர் என் தகப்பனார் ஆசீர்வாதம். பிரெஞ்சு சர்க்காரின் போலீசில் சிப்பாயாக இருந்தவர். போராட்டக்காரர்களை வாய்க்காலைத் தாண்டவிடாமல் தடுப்பதுதான் அவருக்குக் கொடுத்திருந்த வேலை.

4. அந்த வருடம் ஆவணி மாதம் அவர் வேலையை விட்டுவிட முடிவு செய்தார். உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை வேட்டி துண்டோடு விடியற்காலையில் வாய்க்காலைத் தாண்டிப் பூதலூருக்கு, என் தாய்மாமன் வீட்டுக்குப் புறப்பட்டார். நான்கு மாதம் என்னைச் சுமந்துகொண்டிருந்த என் தாயார் மதலேனம்மாளைப் பின்னால் வரச் சொல்லியிருந்தார். தண்ணீரில் இறங்கியவரைக் குண்டு பிடித்துக்கொண்டது. எந்தக் கரையிலிருந்து சுட்டார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்த மாதத்தில் வெள்ளை வேட்டியோடு அந்த வாய்க்காலைத் தாண்டியவர்கள் தொண்டர்கள் மட்டுமே. தொப்பியில்லாமல் என் தகப்பனாரை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. எனவே தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த தொண்டர் என்று ஊரார் எண்ணி, சிப்பாய்கள் வருவதற்குள் கொடியைப் போர்த்தி, கோஷம் போட்டு, அவசர அவசரமாகப் புதைத்துவிட்டார்கள்.

5. என் தாயார் வழியில் கூட்டத்தைப் பார்த்து எட்டிப் பார்த்தார். கொடிக்குக் கீழே தெரிந்த பாதம் தன் புருஷனுடையது என்று தெரிந்தது. வாயைத் திறந்திருந்தால் சிப்பாய் பெண்டாட்டி என்று தெரிந்துபோகும். உடலையும் தூக்கி வாய்க்காலில் எறிந்திருப்பார்கள். அழாமல் நின்றார். கூட்டத்தோடு சேர்ந்து அவரும் ஒரு பிடி மண் போட்டார். ஒரு பாதிரியார் கிடையாது, ஒரு செபம் கிடையாது, சிலுவை கிடையாது. ஒரு கத்தோலிக்கப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய பாரம் என்பதைத் தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன்.

6. விடுதலை நாளுக்கு மறுநாள் எங்களுக்குக் கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வருடமும் அம்மாவும் நானும் முதல் தேதியே போய்விடுவோம். காரைக்காலுக்கு அன்று விடுமுறை, எனக்குக் கிடையாது; "சொந்த வேலை" என்று விடுப்பு எழுதிக் கொடுப்பேன். கூட்டத்தின் கடைசியில் நிற்போம். துப்பாக்கி வெடிக்கும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு தடவை திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார்: "ஒரு தடவ செத்தவர வருஷா வருஷம் சுடுறாங்களேடி." அதற்குப் பிறகு அந்தச் சத்தத்தை மரியாதை என்று என்னால் நினைக்க முடியவில்லை. பணியில் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள் நான். பயந்த சுபாவம் கிடையாது. ஆனால் அக்டோபர் பிறந்தால் கதவு பலமாகச் சாத்தினாலும் உடம்பு தூக்கிப் போடுகிறது.

மறுநாள் காலை, பட்டாசுக் காகிதத்தையும் தண்ணீர் பாட்டில்களையும் பொறுக்கிப் போட்டுவிட்டுக் கல்லுக்குப் பின்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். "யாரோ வேதக்காரப் பொம்பளைங்க. எந்த ஊரோ, தியாகிக்காக வந்து வெளக்கு ஏத்துறாங்க பாருங்க" என்று ஊரார் மெச்சிக்கொள்வார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அவர் இறந்த பிறகு நான் தனியாகப் போய் வருகிறேன்.

7. இந்த வருடம் நவம்பர் முதல் தேதி சமாதியைத் தோண்டி, எலும்புகளைக் கலசத்தில் வைத்து, ஊர்வலமாகப் புது மண்டபத்துக்குக் கொண்டுபோவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கலசத்தில் முதல் எலும்பை எடுத்து வைக்கப்போவது காத்தாயி அம்மாள். "எலும்பாச்சும் ஒரு தரம் தொட்டுப் பாத்துக்கறேன், அருளு" என்று என்னிடம் சொன்னார். என் தகப்பனாரின் அரைஞாணில் வெள்ளியில் ஒரு மாதா பதக்கம் கோத்திருந்தது. கல்யாணத்தன்று என் தாயார் கட்டியது. புதைத்த அவசரத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளி மட்கிப் போகாது, ஐயா. எலும்பைத் தேடும் அந்தக் கிழவியின் கையில் அதுதான் முதலில் தட்டுப்படும். தன் அண்ணன் அங்கே இல்லை என்று அத்தனை பேர் நடுவில், மைக் முன்னால், அவருக்குத் தெரியவரும்.

8. அதற்கு அடுத்த கேள்வியை அவர் கேட்பார். அப்படியானால் என் அண்ணன் எங்கே? அந்த ஆவணி மாதம் அதே வாய்க்கால் கரையில் துப்பாக்கியோடு காவல் நின்றவர் என் தகப்பனார். "அப்பா யாரையாவது சுட்டாராம்மா?" என்று ஒரே ஒரு முறை என் தாயாரிடம் கேட்டிருக்கிறேன். அவர் எழுந்து போய் உலையில் அரிசி போட்டார். காத்தாயி அம்மாள் என் கையைப் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த உலை ஞாபகம் வருகிறது. உண்மை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் தைரியமும் எனக்கு இல்லை.

9. ஆகவே நான் கேட்டுக்கொள்வது:

(அ) சமாதியைத் தோண்ட வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியிருந்தால், ஐப்பசி அடைமழையில் அந்த மண்ணில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஒரு பிடி மேல்மண்ணைக் கலசத்தில் எடுத்துப் போகட்டும்.

(ஆ) கல்லில் உள்ள பெயரை மாற்ற வேண்டாம். ரெத்தினத்துக்கு வேறு கல் எங்கும் இல்லை.

(இ) துப்பாக்கி மரியாதையை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் மௌனமாக நிற்க உத்தரவிட வேண்டும்.

10. கடைசியாக ஒன்று. விழாவில் தியாகியின் குடும்பத்தாருக்கு முன்வரிசையில் இரண்டு நாற்காலி ஒதுக்கியிருக்கிறார்கள். காத்தாயி அம்மாளுக்குத் துணைக்கு ஆள் இல்லாததால் என்னைக் கூப்பிட்டார். கூட வருபவர் என்ன உறவு என்று எழுதிக்கொள்ளத் திரு. சதீஷ் கேட்டபோது, "அண்ணனுக்குப் புள்ளகுட்டி இல்ல. இவதான் மகள்னு எழுதிக்கங்க தம்பி, மகளா நிக்கட்டும்" என்றார். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. அந்த மண்ணில் கிடப்பவருக்கு மகள் என்று என்னை ஒருவர் சொல்லிக் கேட்டது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அந்த நாற்காலியில் நான் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்திருக்கும் வரையிலாவது, தாங்கள் இதை யாரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பூதலூர்
நாள்: 13.10.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆ. அருள்மேரி
(த/பெ. ஆசீர்வாதம்)