எண்ணெய் கேட்டவன் பேர்

அன்பு அண்ணே,

உன் நினைவு நாள் ஜெபத்துக்குக் கோயிலில் வாசிக்க நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நேர்மை என்ற வார்த்தை கட்டாயம் வரவேண்டுமாம். எழுத உட்கார்ந்தால் இதுதான் வருகிறது. இதைக் கோயிலில் வாசிக்க முடியாது.

நீ பொய் சொல்லாதவன். சின்ன வயதில் வெல்லம் திருடித் தின்றுவிட்டு, அம்மா கேட்பதற்கு முன்பே போய்ச் சொல்லி, என்னையும் சேர்த்து அடி வாங்க வைத்தவன். அந்த நேர்மைக்காகத்தான் ஆம்பூர் தோல் கம்பெனி முதலாளி உன்னை மேஸ்திரி ஆக்கினார். "நான் இல்லேன்னா ஒரு முரடன் வருவான்டா, ஜனங்களுக்கு அது நல்லதா?" என்று கேட்டாய். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியில் இறங்குமுன், கால் வேகாமல் இருக்க, கம்பெனி தரும் புங்க எண்ணெயை நாங்கள் தேய்த்துக்கொள்வோம். தோலில் கறை பிடிக்கிறது என்று முதலாளி எண்ணெயை நிறுத்தினார். பத்து நாளில் எல்லார் காலும் வெந்து புண்ணாகிவிட்டது. ஒருநாள் எண்ணெய் கேட்டு ஒருவரும் குழியில் இறங்கவில்லை.

"மொதல்ல எண்ணெய் கேட்டது யாரு?" என்றார் முதலாளி.

"என் தம்பிதாங்க" என்றாய், எல்லார் முன்னாலும்.

என்னை அன்றே வெளியே அனுப்பினார்கள். ஊர் உன்னை மெச்சியது. "சொந்தத் தம்பின்னுகூட பாக்கல, இன்னா மனுஷன்." அதற்குப் பிறகு நீ யார் பேரைச் சொன்னாலும் மறுபேச்சு இல்லை. எத்தனையோ பேர் வேலை போய் ஊரைவிட்டே போனார்கள்.

கூத்தில் கொடுங்கோலனின் ஆள் பெரிய மீசையோடு குதித்துக்கொண்டு வருவான், பிள்ளைகள்கூடக் கண்டுபிடித்துவிடும். நீ வெள்ளை ஜிப்பாவில், ஜெபம் பண்ணிவிட்டு வந்தாய். அடிக்க முதலாளியிடம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் நம்ப ஒரு ஆள் வேண்டியிருந்தது. இது உனக்குத் தெரிந்திருந்ததா? உன்மேல் எனக்குக் கோபம் உண்டு அண்ணே. நீ இல்லாதது கஷ்டமாகவும் இருக்கிறது.

இங்கே சேதி இதுதான். நீ போன பிறகு என்னை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள். எண்ணெய் இன்னும் கிடையாது. நேற்று மறுபடியும் யாரும் குழியில் இறங்கவில்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"ஆரம்பிச்சது யாருன்னு சொல்லு. நீ அவரு தம்பி, பொய் சொல்லமாட்டே. சொன்னா அவரு எடம் உனக்குத்தான்."

நாளைக் காலை பதில் சொல்லவேண்டும். ஆரம்பித்தவன் உன் மகன்.

நீ இருந்தால் சொல்லியிருப்பாயா? சொல்லியிருப்பாய் என்றுதான் பயமாக இருக்கிறது.

எனக்குத் தெரியாது என்று சொல்லப்போகிறேன். வேதத்தின் மேல் கை வைக்கச் சொன்னாலும் வைத்து அதையேதான் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்குத் தம்பி, உன் மகனுக்குச் சித்தப்பன்,
தேவசகாயம்