என்ன வார்த்தை போட்டுத் தேடினாய்

மார்ச் 4
இன்று என் கடைக்குப் பழுது பார்க்க வந்த லேப்டாப்களில் ஒன்று தங்கையுடையது. திரை நொறுங்கியிருந்தது. கொண்டுவந்து வைத்தவளின் உதடும் கிழிந்திருந்தது. இரண்டுமே அவள் புருஷனின் கைவேலை.

சாயங்காலமானால் அவள் பார்த்த பக்கங்களின் வரலாற்றைத் திறந்து, தேடும் இடத்தில் ஒரு வார்த்தை போடுவானாம். ‘அக்கா’, ‘வேலை’, ‘ஹாஸ்டல்’. ஏதாவது வந்தால் அடி. வரலாற்றை அழித்துவிடு என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அழித்திருக்கிறாள். பிறகு படிக்கலாமென்று சேமித்து வைத்த பக்கங்கள் அதோடு போகாது என்று அவளுக்குத் தெரியவில்லை. நேற்று அவற்றுக்குள்ளும் ‘வக்கீல்’ என்று போட்டிருக்கிறான். எல்லாம் வரிசையாக வந்து நின்றிருக்கின்றன.

“அதையும் சொல்லியிருக்கலாம்லக்கா” என்றாள். பாவி நான், சொல்லித் தொலைத்திருக்கலாம்.

மார்ச் 5
புதுத் திரை போட்டாயிற்று. அவனை நினைத்துக்கொண்டே முறுக்கியதில் ஒரு திருகாணி தலை உடைந்துபோனது.

மார்ச் 13
நேற்று எழுத முடியவில்லை.

லேப்டாப்பைக் கொடுக்கப் போனேன். உள்ளே டம் டம் என்று சத்தம். கதவைத் தள்ளினால் – அவள் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு நெற்றியை மேசை விளிம்பில் மோதிக்கொண்டிருக்கிறான். மோதலுக்கு ஒரு வார்த்தை. “வாடகை. ரூம். வாடகை. ரூம்.” லேப்டாப் இல்லாததால் போனைத் தோண்டியிருக்கிறான். அவள் தேடிய வார்த்தைகள் அவை.

இஸ்திரிப் பெட்டி கைக்கு எட்டியது. மணிக்கட்டில் ஒன்று போட்டேன். எலும்பு முறிந்தது கேட்டது. அடுத்தது தோளில். மண்டைக்கு ஓங்கியபோது தங்கைதான் என் காலைக் கட்டிக்கொண்டாள். இல்லையென்றால் இந்நேரம் ஜெயிலில் கம்பி எண்ணிக்கொண்டிருப்பேன். அவன் அலறியது காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. பொய் எதற்கு?

அந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே கட்டுப் போட்டு, தங்கையைக் கையோடு என் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. வக்கீலையும் பார்த்தாயிற்று.

மார்ச் 29
அவனும் என்மேல் புகார் கொடுத்திருக்கிறானாம். கொடுக்கட்டும்.

எனக்குத் தங்கையை நினைத்தால்தான் பயம். போனில் யாரிடமோ மெல்லப் பேசுகிறாள், நான் போனால் நிறுத்திவிடுகிறாள். திரும்பப் போய்விடுவாளோ? போன தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவள்தானே. இந்தத் தடவை போனால் பிணமாகத்தான் வருவாள்.

ஏப்ரல் 8
குளிக்கப் போயிருந்தாள். அவள் லேப்டாப்பைத் திறந்து, வரலாற்றில் ‘பஸ்’ என்று போட்டேன்.

வந்தது. அவன் ஊருக்குப் போகும் பஸ் நேரம். பல தடவை பார்த்திருக்கிறாள். அந்தப் பக்கத்தைச் சேமித்தும் வைத்திருக்கிறாள்.

ஈரத் தலையோடு வந்தவளிடம் கேட்டேன். “சும்மா பாத்தேன்” என்றாள். சும்மாவாம்! எவ்வளவு பட்டும் புத்தி வரலியாடி உனக்கு? விட்டேன் ஒரு அறை. காதோடு சேர்ந்து விழுந்தது. சுவரில் போய் இடித்துக்கொண்டாள். மறுபடி கை ஓங்கினேன். ஓங்கினேன் – ஆமாம்.

அவள் அழவில்லை. திறந்து கிடந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

“என்ன வார்த்தை போட்டுத் தேடினக்கா?”

“பஸ்.”

“அவருக்குக்கூட அது தோணினதில்ல.”

ஏப்ரல் 9
காது வீங்கியிருக்கிறது. ஒத்தடம் கொடுக்கக் கையை நீட்டினேன். சட்டென்று முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 11
வக்கீலம்மா போன் செய்தார். காயச் சான்றிதழ் வந்துவிட்டதாம். அன்று முதலில் கட்டுப் போட்ட ஆஸ்பத்திரி அவன் ஊரில்தான். நேற்று தங்கை தனியாகவே போய், டாக்டரிடம் மறுபடி உடம்பைக் காட்டி வாங்கி வந்திருக்கிறாள். பஸ் பார்த்தது அதற்கு. மெல்லப் பேசியது வக்கீலம்மாவிடம்.

“எங்கிட்ட சொன்னா என்னடி?”

“சொன்னா நீயும் கூட வருவே. போற வழியில அவர் கதவை உடைப்பே.”

உடைத்திருப்பேன். அதுவும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏப்ரல் 14
பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 22
வக்கீலம்மா அறையில் தங்கையைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள். வக்கீலம்மா சான்றிதழைப் படித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தி, “காதுல ஒரு காயம் போட்டிருக்காங்களே. இதையும் சேத்துக்கலாமா?” என்று கேட்டார்.

“வேணாம் மேடம். அது பாத்ரூம்ல வழுக்கி விழுந்தது” என்றாள் தங்கை, என்னைப் பார்க்காமல். தடுமாற்றமே இல்லை. அவனுக்காக இதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

வெளியே வந்ததும் எதிர்ப் பக்கம் நடந்துவிட்டாள். ஹாஸ்டல் எந்தத் தெரு என்று சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.